சமையலறைக்குப் போன மேசை

பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை முதலில் உனக்குத்தான் தபாலில் அனுப்புகிறேன். நீ படித்து முடித்து, வேண்டாம் என்று தோன்றினால் கிழித்துப் போட்டுவிடு. நகல் எதுவும் நான் வைத்துக்கொள்ளவில்லை. பாதகமில்லை என்று தோன்றினால், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் நீ எழுதும் அதே பக்கத்துக்கு நீயே அனுப்பிவிடு. ஆகவே உன்னைத் தவிர வேறு யாராவது இந்த வரிகளைப் படிக்கிறார்கள் என்றால், நீ சம்மதித்த பிறகுதான் படிக்கிறார்கள் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். உன் கட்டுரைகளை நம் தேயிலைத் தோட்டம் முழுக்கப் படித்திருக்கிறது. கடையில் உரக்கப் படித்திருக்கிறார்கள். என் பதில் மட்டும் ஓர் உறைக்குள் ஒளிந்துகொள்வது சரியில்லை என்று பட்டது. எழுத உட்கார்ந்த பிறகு, இது தவறான யோசனையோ என்றும் படுகிறது. என்னை உனக்குத் தெரியும்.

மகளுக்கு எழுதும் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்று நினைத்து நானும் அப்படித்தான் தொடங்கினேன். ராத்திரியில் கதவைத் தாழிடு, மழைக்காலத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, மண்ணெண்ணெய் அடுப்பை மூடிய அறைக்குள் கொளுத்தி வைத்துக் குளிர்காயாதே. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் அது டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்டும் அறிவிப்பு மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன். மண்ணெண்ணெய் அடுப்பு விஷயத்தை மட்டும் மறந்துவிடாதே.

மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரிஞ்சாங் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிரஸராக இருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவன், காயம் கட்டுபவன். பெரிய டாக்டர் எப்போதாவதுதான் மலையேறி வருவார். காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கு முடிந்து ஆட்கள் மலைக்குப் பிரிந்ததும், உடம்பு சரியில்லை என்பவர்கள் என் வராந்தாவில் வந்து உட்காருவார்கள். உண்மையிலேயே நோயாளி யார், மழையில் கொழுந்து கிள்ள மனமில்லாமல் ஒரு நாள் ஓய்வுச் சீட்டுக்கு வந்தவர் யார் என்று பிரித்துப் பார்ப்பது என் வேலை. எங்கே வலி, எப்போதிருந்து, எதைச் செய்தால் கூடுகிறது என்று கேட்பேன். உன் அம்மா போன பிறகு வீட்டிலும் நான் கேட்டது இவற்றைத்தான். உன் முகம் வாடியிருந்தால் எங்கே வலி என்பேன். நீ பேசாமல் இருந்தால் எப்போதிருந்து என்பேன். ஒரு பெண் பிள்ளையிடம் வேறு எப்படிப் பேசுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் கூச்சமாக இருந்தது.

உன் முதல் கட்டுரை வந்த ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக் கடைக்குப் போயிருந்தேன். உனக்கு இதைச் சொன்னதில்லை. கடைக்காரர் முனியாண்டி பத்திரிகையை அரிசி மூட்டையின் மேல் விரித்துவைத்து, கூட்டத்துக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "சிவப்புத் துணி தொங்கிய கதவுக்குப் பின்னால்தான் நான் முதன்முதலாக நானாக இருந்தேன்" என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"டிரஸரய்யா, பாப்பாவுக்கு அப்ப என்னா சீக்கு?"

"சீக்கு ஒன்னும் இல்லப்பா."

"அப்பறம் எதுக்கு அந்த ரூம்ல போட்டு வெச்சீங்க? அது அம்மை ரூமாச்சே."

கொழுந்து எடுக்கும் செல்லம்மா உனக்காகப் பரிந்து பேசினாள். "அட, சும்மா கெட முனியாண்டி. அந்தப் புள்ள புஸ்தகம் படிக்கத்தான் போவும். நான் கண்ணால பாத்திருக்கேன்."

"புஸ்தகம் படிக்க யாராச்சும் அம்மை ரூமுக்குப் போவாங்களா லா? படிக்கத்தான ஸ்கூல் இருக்கு?"

"ஒம் மவன் ஸ்கூலுக்குப் போயி படிச்சிக் கிழிச்சது தெரியாதாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தேவையில்லாத ஒரு தீப்பெட்டிக் கட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ மேசையிலிருந்து தலையைத் தூக்கி, "இவ்வளவு தீப்பெட்டி எதுக்குப்பா?" என்று கேட்டாய். மழைக்காலம் வருகிறது என்றேன்.

அந்த அறையைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் இங்கே எழுதுகிறேன். நீ எழுதியது உள்ளேயிருந்து பார்த்தது. ஆஸ்பத்திரியின் கோடியில், மற்ற கட்டில்களிலிருந்து விலகி, தனியாக ஓர் அறை. ஒரே ஒரு கட்டில், தேயிலைச் சரிவைப் பார்த்த ஒரு ஜன்னல். அம்மை, மணல்வாரி மாதிரி ஒட்டிக்கொள்ளும் நோய் வந்தவர்களை அங்கே வைப்போம். உள்ளே ஆள் இருந்தால் கதவு ஆணியில் சிவப்புத் துணி தொங்க வேண்டும் என்பது ஒழுங்கு. வருடத்தில் பெரும்பாலான நாள் அது காலியாகத்தான் கிடக்கும். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நீ ஒரு நாள் அதற்குள் போய்க் கட்டிலில் குப்புறப்படுத்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாய். கூட்டிப் பெருக்கும் அஞ்சலை எட்டிப் பார்த்தாள். உன்னைத் திட்டவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. பெட்டியைத் திறந்து சிவப்புத் துணியை எடுத்துக் கதவில் மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். "உள்ள ஆளு இருந்தா துணி தொங்கணும். ரூலுன்னா ரூலுதாங்க," என்று பிறகு என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

துணியைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டேன். யாரை எப்போது சேர்த்தோம், எனக்குத் தெரியாமல் யார் சேர்த்தார்கள் என்று ஓடிவந்து திறந்தால் நீ இருக்கிறாய். தூக்கிக்கொண்டு போய்ச் சுடுதண்ணீரில் மருந்து கலந்து தலையோடு குளிப்பாட்டினேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாய்.

"உள்ளே யார் இருந்தா?"

"யாரும் இல்லப்பா."

"யாரும் இல்லாத ரூமுக்குப் போய் என்ன பண்ணின?"

"யாரும் இல்லன்னுதான் போனேன்."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. இதற்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியவில்லை. நம் வீட்டைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. டிரஸர் வீடு என்றால் கதவு எல்லோருக்கும் திறந்த கதவு. விரலை வெட்டிக்கொண்டவன் நேராக அடுப்படிக்கே வந்து கையை நீட்டுவான். பிள்ளை அழுகிறது என்று தாய்மார்கள் நம் கூடத்திலேயே பாயை விரித்துவிடுவார்கள். நீ வீட்டுப் பாடம் எழுதும்போது பக்கத்தில் யாராவது வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே அந்த அறையை நான் பூட்டவில்லை. வாரந்தோறும் நானே கழுவிவிட்டேன். நீ போகும்போதெல்லாம் "துணி போடு ஆயா" என்று அஞ்சலையிடம் சொல்வாய், அவளும் போடுவாள். துணி தொங்கினால் யாரும் உள்ளே வரமாட்டார்கள் என்பது உன் சந்தோஷம். துணி தொங்கினால் நீ எங்கே இருக்கிறாய் என்று டிஸ்பென்சரி மேசையிலிருந்தே தெரியும் என்பது என் நிம்மதி. லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அதைத் தூரத்திலிருந்து பார்த்து வேறு கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது உன் கட்டுரை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது கட்டுரையைக் கடையில் கேட்கவில்லை. நானே வாங்கிப் படித்தேன். அதில் ஒரு வரியை மட்டும் பலமுறை படித்தேன். "பலகைச் சுவருக்கு அப்பால் யாரோ எனக்காகக் கவலைப்படும் சத்தம் கேட்கிறது. அன்பின் சத்தம்தான். ஆனாலும் சத்தம்." நம் வீட்டில் பலகைச் சுவருக்கு அப்பால் இருந்தவன் நான் ஒருவன்தான். என்னென்ன சத்தம் என்று யோசித்துப் பார்த்தேன். செருப்பு, இருமல், நீ தாழிட்டாயா என்று நான் வந்து தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பது, உன் அறையில் விளக்கு எரிந்தால் நான் தொண்டையைச் செருமுவது. கவலைப்படுவதற்குச் சத்தம் உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. அது மனசுக்குள்ளேயே நடக்கிற காரியம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாளிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு நடந்தேன். இருமலுக்கு என் அலமாரியிலிருந்தே மருந்து எடுத்து, நோயாளிக்குக் கொடுப்பதுபோல வேளை தவறாமல் குடித்தேன். நீ இரண்டு நாள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாய். மூன்றாம் நாள் கேட்டுவிட்டாய்.

"அப்பா, என்னாச்சு? வீட்டுக்குள்ள திருடன் மாதிரி நடக்கிறீங்க."

"தரை சில்லுன்னு இருக்கு, அதான்."

"சில்லுன்னு இருந்தா செருப்பு போடணும். நீங்க கழட்டிட்டு நடக்கிறீங்க."

நான் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அந்தக் கட்டுரையப் படிச்சீங்களா?"

"எந்தக் கட்டுரை?" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். "ஒன்னும் இல்லப்பா," என்று உள்ளே போய்விட்டாய். மறுநாள் காலையில் நான் எழுந்தபோது என் செருப்புகள் அடுப்படியில் சூடேற்றி எடுக்கப்பட்டு, கட்டிலுக்கு நேராகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை யோசிக்கிறேன். செருப்பைப் போட்டுக்கொண்டு சத்தமாக நடங்கள் என்று சொன்னாயா, அல்லது எழுதியதற்கு வருத்தப்பட்டாயா? வருத்தப்பட்டிருந்தால் அதுதான் எனக்கு அதிகப் பயம்.

அதற்குச் சில மாதங்களில் உனக்கு கம்போங் ராஜா பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் வேலை உறுதியாகி, ஆசிரியர் குவார்ட்டர்ஸும் கிடைத்தது. நீ கிளம்பிப் போன அதே வாரம் புது டிரஸர் மனைவி மக்களோடு வந்து இறங்கிவிட்டார். நான் ஓய்வு பெறும் மாதம் அது. தோட்டத்தில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. கொழுந்து எடுப்பவருக்கும் அதுதான், கணக்கெழுதும் கிராணிக்கும் அதுதான், எனக்கும் அதுதான். ஒப்படைப்பு முடியும்வரை எல்லோரும் அதே வீட்டில் இருந்தோம். அவர் பிள்ளைகள் என் டிரங்குப் பெட்டிமேல் ஏறிக் குதித்து விளையாடின. அந்த நேரம் பார்த்து உன் அத்தை, என் அக்கா, மலைக்குக் கீழே பீடோரிலிருந்து ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வந்து சேர்ந்தாள்.

"தம்பி, வயசுப் பொண்ணு ஒத்தையா குவார்ட்டர்ஸ்ல இருக்கு. தனியா இருக்கத்தான் புடிக்கும்னு பேப்பர்ல வேற எழுதுது. பீடோர்ல என்னைய என்னா கேக்குறாங்க தெரியுமா? சின்னதுல என்னா சீக்கு, ஏன் தனி ரூம்ல வெச்சாங்கன்னு கேக்குறாங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மாப்ள பாக்குறது?"

"சீக்கு இல்லக்கா."

"எனக்குத் தெரியும் லா. ஊருக்குத் தெரியணுமே. நீ நேரா போயி அங்க இரு. தகப்பன் கூட இருக்கான்னா வாய் தானா மூடும்."

"அவளுக்கு அது..."

"அவளுக்கு என்னாவாம்? பெத்தவன் கூட இருக்க முடியாதா? நீ என்னா பாம்பா?"

நான் பாம்பு இல்லைதான். ஆனால் சத்தம் இல்லாத பிராணி என்றும் சொல்ல முடியவில்லை. மாம்பழத்தை நறுக்கிப் புது டிரஸரின் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை நீ தானா ராத்தா பஸ் நிலையத்துக்கு வந்தாய். தேநீர் வாங்கிக் கொடுத்தாய். "ரெண்டு ரூம் இருக்குப்பா. ஒன்னு உங்களுக்கு," என்றாய். அதைச் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு இழுத்துவிட்டாய். மூச்சைக் கேட்டே பிழைத்தவன் நான். என் காதில் விழாமல் போகாது. "நீ எழுதுறதுக்கு இடம்?" என்று கேட்டேன். "இடமெல்லாம் இருக்கு, நீங்க அதைப் பத்தி யோசிக்காதீங்க," என்று சட்டென்று சொன்னாய். வலி இல்லை, வலி இல்லை என்று அவசரமாகச் சொல்பவர்களைத்தான் நான் எப்போதும் திரும்ப ஒருமுறை படுக்கவைத்துப் பார்ப்பேன். உன்னை அப்படிப் படுக்கவைத்துப் பார்க்க முடியுமா? இன்னொரு சாவியை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாய். "எப்ப வேணும்னாலும் வாங்க. கட்டிலை முன்னாடியே அனுப்பிவிடுங்க." நான் அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பின் வந்த நாட்களில் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? எனக்கு இரண்டு மகள்கள் இருப்பதுபோல இருந்தது. ஒருத்தி வாங்கப்பா என்கிறாள். இன்னொருத்தி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் யாருமற்ற ஓர் அறையைத் தேடுகிறாள். யாரை நம்புவது? நான் வந்தால் அந்தச் சத்தமாக ஆகிவிடுவேன், நீ அதைச் சொல்லவும் மாட்டாய். வராவிட்டால் இன்னும் மோசம். நீ எழுதிய ஒரு வரிக்காக அப்பா தண்டனை கொடுக்கிறார் என்று நினைத்துவிடுவாய். பிறகு 'நான்' என்று எழுத வேண்டிய இடம் வரும்போதெல்லாம் உன் கை ஒரு கணம் நிற்கும். அப்படி நிற்கப் பழகிய கை கடைசியில் எழுதுவதையே விட்டுவிடுமோ என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வருவதா வேண்டாமா என்று ஒவ்வொரு நாள் காலையிலும் ஒன்றைத் தீர்மானிப்பேன். சாயங்காலத்துக்குள் அது மாறிவிடும். வீட்டை விட்டே ஆகவேண்டிய நாளும் வந்துவிட்டது.

காய்கறி லோரி ஓட்டும் கணேசனை உனக்குத் தெரியும், கட்டிலைக் கொண்டுவந்து இறக்கியவன். கம்போங் ராஜாவுக்குக் காலி லோரியாகப் போய் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு தானா ராத்தா வழியாகத் தாப்பாவுக்கு இறங்குவான். நீ பள்ளியில் இருக்கும் நேரம் என்று தெரிந்தும், லோரி கிடைக்கிறதே என்று டிரங்குப் பெட்டியோடு அவனுடன் ஏறிவிட்டேன். வழியில் அவன் பேசிக்கொண்டே வந்தான்.

"பாப்பா வீட்டுக்கு நிரந்தரமாவா ஐயா?"

"ஆமாப்பா."

"நல்லதுதான் லா. எங்க மாமியா தானா ராத்தால ஒத்தையாதான் கெடக்கு. வீட்டுக்குப் பின்னால ஒரு ரூமு வேற சும்மா கெடக்கு, ஆஸ்பத்திரிக்குப் பக்கம். வயசானவங்க யாராச்சும் கேட்டா சொல்லுங்க."

"சொல்றேன்," என்றேன். எனக்கு வயசாகிவிட்டது என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை.

உன் குவார்ட்டர்ஸின் கதவைத் திறந்தேன். வாசலை ஒட்டிய அறையில் உன் படுக்கை மட்டும். ஜன்னல் இல்லை, மேலே காற்று வர ஒரு சந்து. அடுத்த அறையில் பெரிய ஜன்னல், வெளியே படிப்படியாக இறங்கும் கீரைப் பாத்தி, அதன் மேல் நல்ல வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் என் கட்டில். அதன்மேல் புதுக் கம்பளி, கையெட்டும் தூரத்தில் முக்காலி, என் மருந்துப் போத்தல்களுக்கு என்று சுவரில் அடித்த சின்னப் பலகை. கோட்டு மாட்ட ஓர் ஆணி. நான் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பேன் என்பதைக்கூட மறக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தேன். அப்போதுதான் ஜன்னலுக்குக் கீழே தரையைப் பார்த்தேன். சிமெண்டில் ஏதோ ஒன்று நாளெல்லாம் அழுத்தி நின்ற நான்கு தடம். சுவரில் முழங்கை உயரத்தில் ஒரு மைக்கறை.

எழுந்து சமையலறைக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் உன் மேசை செருகியிருந்தது. அதன் கீழே வெங்காயக் கூடை. நாற்காலியை முழுவதும் இழுக்க இடமில்லை. நீ ஒருக்களித்துத்தான் உட்கார முடியும். மேசையில் தாள்கள் இருந்தன. படிக்கவில்லை, சத்தியமாகப் படிக்கவில்லை. மேல் தாளின் ஓரத்தில் குழம்பு தெறித்த மஞ்சள் கறையை மட்டும் பார்த்தேன். எனக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கணேசன் வந்து நின்றான்.

"என்னாங்கய்யா மேசைய இங்க போட்டிருக்கு? உக்காந்தா முதுகுல தண்ணி தெறிக்குமே."

"கணேசா, உங்க மாமியார் வீட்டு ரூம்ல இந்தக் கட்டில் போட இடம் இருக்கா?"

"தாராளமா இருக்கு. யாருக்கு?"

"எனக்கு."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். "பாப்பா கூட சண்டையா ஐயா?"

"இல்லப்பா."

"அப்பறம்?"

"மேசையைப் பிடி," என்றேன்.

அதுவரை ஒருவருக்கும் உத்தரவு போட்டதாக எனக்கு நினைவில்லை. மருந்தைக்கூட 'சாப்பிட்டுப் பாருங்களேன்' என்றுதான் கொடுப்பேன். மேசை கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. சாய்த்துப் பார்த்தோம், கால் இடித்தது. நிலையில் கொஞ்சம் சாயம் போய்விட்டது. அதற்கு நான் ஆள் அனுப்பிப் பூசித் தருகிறேன். கடைசியில் கவிழ்த்துத் திருப்பிக் கொண்டுபோய், அந்த நான்கு தடத்தின் மேலேயே கால்கள் உட்காரும்படி வைத்தோம். கட்டிலைக் கழற்றி லோரியில் ஏற்றினோம். முட்டைக்கோஸ் ஏற்றிய பிறகு அதன் உச்சிக்கு மாற்றியதும் என் கட்டில் கால்கள் நீட்டிக்கொண்டு நின்றன. "மேல ஏறிப் படுத்துக்குங்கய்யா, தானா ராத்தா வரைக்கும் ஜாலியா போலாம்," என்றான் கணேசன். வீட்டைப் பூட்டுமுன் நீ வாங்கிய கம்பளியை எடுத்துக்கொண்டிருந்தேன். அது எனக்காக வாங்கியது. மருந்துப் பலகையைக் கழற்றவில்லை, அதில் நீ புத்தகம் வைக்கலாம். நான் நலம், கடிதம் வருகிறது என்று ஒரு சீட்டு எழுதி மேசையில் வைத்தேன். பள்ளியிலிருந்து திரும்பி வந்து அதைப் பார்த்தபோது நீ என்ன நினைத்தாய் என்று நினைத்து நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இது கோபம் இல்லை. நீ என்னைக் கூப்பிட்டது உண்மை. இல்லாவிட்டால் வெளிச்சமான அறையை எனக்குக் கொடுத்துவிட்டு நீ அடுப்படிக்குப் போயிருக்கமாட்டாய். நீ எழுதியதும் உண்மைதான். இரண்டில் ஒன்றுதான் நிஜமாக இருக்க முடியும் என்று நான் நினைத்ததுதான் தப்பு. என் வராந்தாவில் உட்கார்ந்தவர்களில் வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுபவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் உள்ளங்கையால் வயிறு முழுவதையும் தடவி, இங்கெல்லாம்தான் என்பார்கள். அந்தச் சுவரைப் பற்றிய வரியில் நீ ஒற்றை விரலால் காட்டியிருக்கிறாய். என்னைத் தொட்டுத்தான் காட்டினாய், கொஞ்சம் வலித்தது. ஆனால் இடம் சரி. அப்படியே எழுது. அத்தையோ முனியாண்டியோ இதைப் படித்தால், அவர்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: என் மகளுக்கு அந்த அறையில் எந்த நோயும் இருந்ததில்லை. தனியாக இருக்கப் பிடித்திருந்தது. அது நோய் இல்லை என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, ஆனாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது தானா ராத்தாவில் கணேசனுடைய மாமியார் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டார்: "சாப்பாடு வேணும்னா கொரல் குடுங்க. நானா வந்து எட்டிப் பாக்க மாட்டேன். எனக்கு டிவி பாக்கணும்." நல்ல மனுஷி. நான் இதுவரை ஓர் அறையில் தனியாக இருந்ததே இல்லை, பாப்பா. சின்ன வயதில் லயத்து ஒற்றை அறையில் அண்ணன் தம்பிகளோடு, படிக்கும்போது விடுதியில் வரிசைக் கட்டிலில், பிறகு உன் அம்மாவோடு, பிறகு உன்னோடும் ஊரின் காய்ச்சல் எல்லாவற்றோடும். முதல் நாள் சாயங்காலம் மூடுபனி ஜன்னலை மறைத்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இங்கே கீழே விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். நாடி பிடித்துப் பார்த்தேன், வேகமாகத்தான் ஓடியது. என்ன செய்வதென்று தெரியாமல் கட்டில் விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, பள்ளிக்கூடத்தில் எனக்கு வரைபடம் போடப் பிடிக்கும் என்பது ஞாபகம் வந்தது. ஆறுகளை நீல மையில் இழுப்பேன். கடலில் சேரும் இடத்தில் கையை மெதுவாக்கி, மை கசியாமல் எடுப்பேன். அதை வாத்தியார் பாராட்டினதாகக்கூட ஞாபகம் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். இத்தனை காலம் அந்தப் பையன் எங்கே போயிருந்தான் என்று தெரியவில்லை. அவன் யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை, யாருக்காகவும் கவலைப்படவில்லை. அவனோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மறுபடியும் பயம் வந்துவிட்டது.

நீ இதைப் படித்ததும் சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்குவாய் என்று எனக்குத் தெரியும். கோபத்தோடு வருவாய். என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். உன் சாவியை நான் திருப்பித் தரப்போவதில்லை. உனக்குக் காய்ச்சல் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் திறப்பேன். ஆனால் வருவதை மட்டும் அடுத்த சனிக்கிழமைக்கு வைத்துக்கொள். ஒரு வாரம் எனக்குக் கொடு. நீ இத்தனை நாளாக எதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாய் என்று நானும் கொஞ்சம் இருந்து பார்க்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இந்தச் சனிக்கிழமை வராதே, பாப்பா.

அப்பா